சிவப்பு நூல் கட்டிய புட்டி

மாப்ள,

மழை விட்ட காலையில் என் அலமாரிக் கதவைத் திறந்தால் முதலில் வருவது கிராம்பு வாசனைதான். மரத்திலேயே ஊறிப்போய்விட்டது. இன்றும் அது வந்தது. அதன் பின்னாலேயே, ஈரத் துணியை மடித்து மறந்துவிட்டது போல இன்னொரு வாசனையும் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். நீங்கள் கொடுத்த இரண்டு புட்டிகளும் கீழ்த்தட்டில் நான் வைத்தபடியே நின்றன. ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், இன்னொன்றின் கழுத்தில் வெள்ளை நூல். வெள்ளை நூல் கட்டியதில் தண்ணீர் பழுப்பாக, தெளிவாக, அசையாமல் இருந்தது. சிவப்பு நூல் கட்டியதில் மேலே ஒரு வெள்ளைப் படலம். நடுவில் லேசான பச்சை. பூனைக்குட்டியின் வயிறு போல மென்மையாகப் பூஞ்சை பூத்திருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்படியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்து, "மயக்கமா மாமா?" என்றாள். இல்லை என்றேன். எப்படி விளக்குவது? நீங்கள் சொல்லாமல் போன பதிலை ஒரு பூஞ்சை வந்து சொல்லிக்கொண்டிருக்கிறது என்றால் அவளுக்கு என்ன புரியும்?

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வந்துவிட்டது. என் கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை. இதை எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன். நீங்கள் எங்கிருந்தாலும் அது தெரிந்திருக்கட்டும்.

என் தங்கை மங்கையை நீங்கள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் உங்களுக்கு மச்சான், நீங்கள் எனக்கு மாப்ள. கிட்டத்தட்ட ஒரே வயது. நீங்கள் கல்லூரியில் கிருமிகளைப் படித்துவிட்டு, சிதம்பரம் மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் லேப் வைத்தீர்கள். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் குடிகாடு தொழிற்பேட்டையில் கொதிகலன் பார்க்கப் போனேன். மற்றதெல்லாம் நானாகப் படித்தது. பழைய புத்தகக் கடையில், எடைக்குப் போட்ட மருத்துவப் பத்திரிகைகளில், ஷிஃப்ட்டுக்கு நடுவில், கொதிகலன் சூட்டில் உட்கார்ந்து படித்தது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால்தானோ என்னவோ, நான் சொல்வதை யாரும் கேட்டதும் இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் என் ஈறுகளில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. பல் டாக்டர் ஒரு புட்டி எழுதிக் கொடுத்தார். நீலமாக இருந்தது, நாக்கு எரிந்தது. என் அப்பா கருவேலம்பட்டையைக் கொதிக்கவைத்து வாய் கொப்பளித்ததைப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்துதான் தொடங்கினேன். பட்டையோடு கடுக்காய் சேர்த்தேன், கிராம்பு சேர்த்தேன், இந்துப்பு சேர்த்தேன், கடைசியில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தேன். கசிவு நின்றது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலை நிமிராமல், "எதையாவது பண்ணிக்கங்க, அடுத்தவங்களுக்குக் குடுக்காதீங்க" என்றார். சொந்தக்காரர்கள் எனக்குக் கஷாயக்காரர் என்று பேர் வைத்தார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், "மாமாவுக்கு ரசம் வேணாம், அவுரு கஷாயம் கொண்டாந்திருப்பாரு" என்றார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் படித்தவர் ஒருவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை. மச்சான், உங்க மருந்து வேலை செய்யுது. அவ்வளவுதான். அந்த ஒருவராக நான் உங்களைத்தான் நினைத்தேன்.

லேப்பில் சோதித்துப் பார்க்கலாம் என்று நீங்கள் சொன்னதும், பட்டை எடுக்க முதலில் உங்கள் கீரப்பாளையத்து நிலத்துக்குத்தான் போனோம், நினைவிருக்கிறதா? சம்பா நட்டு முடிந்திருந்த நேரம். வயல் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க வானம். வரப்பில் நடந்தபோது மேகத்தின் மேல் நடப்பது போல இருந்தது. வாய்க்கால் கரையில் உங்கள் கருவேல மரம் நின்றது. மஞ்சள் பூக்கள் உதிர்ந்து தண்ணீரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. நான் கத்தியை எடுத்தேன். நீங்கள் கையைப் பிடித்தீர்கள்.

"சுத்தி உரிக்காதீங்க மச்சான், மரம் செத்துடும். ஒரு பக்கமா எடுங்க."

"எனக்குத் தெரியாதா மாப்ள?"

"உங்களுக்குத் தெரியாதது எது? சும்மா சொல்லி வச்சேன்."

உங்கள் கேலி அப்படித்தான் இருக்கும். நேராகக் குத்தாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் எங்கே குத்தியது என்று தெரியும்.

ராத்திரி முழுக்க ஊறிய கஷாயத்தைப் பிளாஸ்கில் ஊற்றி, துண்டில் சுற்றி, எங்கள் ஊர் முதுநகரிலிருந்து பாசஞ்சர் வண்டியில் வந்தேன். ஜன்னல் வழியாக உப்புக் காற்று வந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது, கீழே தண்ணீர் வெயிலில் தகடு போலக் கிடந்தது. மடியில் பிளாஸ்க் கனத்துக்கொண்டிருந்தது. பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது எனக்கு. அந்தப் பயணத்தை இப்போதும் கனவில் போகிறேன். கனவில் வண்டி பாலத்தைத் தாண்டுவதே இல்லை.

உங்கள் லேப்பில் எல்லாம் சின்னது. சின்ன மேஜை, சின்ன விளக்கு, கோழி முட்டை பொரிக்கிற பெட்டி போல ஒரு சின்ன இன்குபேட்டர். மங்கை சமைத்துக் கழித்துப்போட்ட குக்கரில்தான் நீங்கள் குழாய்களை அவித்துக் கிருமி நீக்குவீர்கள். என்னை வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு பஞ்சுக்குச்சியால் ஈறு ஓரமாகத் தடவி, கடல்பாசிக் கூழ் ஊற்றிய தட்டில் தேய்த்து மூடினீர்கள். மறுநாள் எடுத்துக் காட்டியபோது தட்டு முழுக்க ரவை சிந்தினாற்போலப் புள்ளி புள்ளியாக இருந்தது.

"பாருங்க மச்சான், உங்க வாயில குடியிருக்கறவங்க. இவ்ளோ பேரை வச்சிக்கிட்டுத்தான் எங்கள எல்லாம் பேசுறீங்க."

"அவுங்கதான் பேசுறாங்க மாப்ள, நான் சும்மா இருக்கேன்."

நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு அந்தச் சின்ன அறையில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு புதுத் தட்டில் அதே கிருமிகளைப் பரப்பி, கூழின் நடுவில் ஒரு சின்னக் குழி போட்டு, குழியில் என் கஷாயத்தைச் சொட்டினீர்கள். இன்குபேட்டரில் வைத்தீர்கள். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தீர்கள். கிருமிகள் மங்கலாக எங்கும் படர்ந்திருந்தன. குழியைச் சுற்றி மட்டும் ஒன்றுமே இல்லை. வட்டமாக, கண்ணாடி போலத் தெளிவாக ஓர் இடம்.

"நிலா கோட்டை கட்டியிருக்கு மச்சான்" என்றீர்கள்.

மழைக்கு முந்தி நிலாவைச் சுற்றி ஒரு வட்டம் வருமே, அதேதான். நான் தட்டை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் எனக்கென்று யாரும் கோட்டை கட்டியதில்லை. மங்கை கேசரி கிண்டினாள். நான் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று உங்கள் முகத்தையே பார்த்தேன். நீங்களோ கேசரியைத் தின்றுகொண்டே, "இன்னொண்ணு வேணும். மூலிகை எதுவும் போடாம அதே பாத்திரத்துல தண்ணி, உப்பு, எலுமிச்சை மட்டும் கொதிக்க வச்சி, அதே மாதிரி ராத்திரி பூரா ஊற வச்சிக் கொண்டாங்க" என்றீர்கள்.

"அதுல என்னா இருக்கு? வெறுந்தண்ணி."

"வெறுந்தண்ணிதான் மச்சான் வேணும். அது சும்மா இருந்தாத்தான் உங்க மருந்து வேலை செஞ்சிதுன்னு அர்த்தம்."

கொண்டுவந்தேன். அது சும்மா இருக்கவில்லை. வெறுந்தண்ணீரைச் சுற்றியும் நிலா கோட்டை கட்டியிருந்தது.

நீங்கள் சிரிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எந்தப் பாத்திரம் என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டுச் செப்பு அண்டா என்றேன். கடைசியாக எப்போது ஈயம் பூசியது என்றீர்கள். தெருவில் ஈயம் பூசுகிறவர் வந்தே எத்தனையோ காலம் ஆகிவிட்டது, உள்ளே செம்பு பளபளவென்று தெரியும். எலுமிச்சை போட்டதால் இன்னும் பளபளத்தது. அதைப் பெருமையாக வேறு சொன்னேன்.

"செம்பு எறங்கியிருக்கு மச்சான். புளிப்பு செம்பைக் கரைச்சி எடுத்திருக்கு. கிருமியக் கொன்னது செம்பு. பட்டை கொன்னுச்சா இல்லியான்னு தெரியாது."

"பாத்திரமும் மருந்துல சேர்ந்ததுதான் மாப்ள. அந்தக் காலத்துல செம்புலதான் தண்ணி வச்சாங்க."

"தண்ணி வச்சாங்க. புளிப்பு வைக்கல. ஈயம் பூசாத பாத்திரத்துல புளிக்குழம்பு வைப்பீங்களா? தெனமும் இந்தச் செம்பு வாய்க்குள்ள போனா ஒடம்புக்கு ஆவாது."

"அப்ப என் ஈறு சரியானது?"

"சரியாச்சின்னு உங்களுக்குத் தோணுது."

தோணுது. அந்த ஒரு சொல்லுக்காக நான் உங்களோடு ஒரு தை மாதம் முழுக்கப் பேசவில்லை. பொங்கலுக்கு மங்கைக்குச் சீர் கொண்டுவந்தவன், வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். மங்கை பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடிவந்தாள். "ஒரு அண்டாவுக்காகவா ரெண்டு பேரும் மொறைச்சிக்கிட்டுத் திரியறீங்க? வயசாச்சே தவிர அறிவு வரல!" என்று சத்தம் போட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அன்றைக்கு நான் செய்தது சரிதான். என் ஈறில் ரத்தம் வந்ததா நின்றதா என்பது எனக்குத் தெரியாமல் உங்களுக்கா தெரியும்?

ஆனாலும் மாசியில் ஒரு மண்சட்டி வாங்கினேன். யார் சொல்லியும் வாங்கவில்லை. அதில் காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றி, மறுபடி அதே வண்டியில் வந்தேன். கூடவே கேட்காமலே அதே சட்டியில் காய்ச்சிய வெறுந்தண்ணீரும் கொண்டுவந்தேன். நீங்கள் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். காப்பி வாங்கிவரச் சொன்னீர்கள். நம் சண்டைகள் அப்படித்தான் முடியும்.

இந்த முறை வெறுந்தண்ணீர் சும்மா இருந்தது. என் கஷாயத்தைச் சுற்றிக் கோட்டை இருந்தது. முன்னதைவிடச் சின்னது, மூன்றாம் பிறையைப் பார்ப்பது போலத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் இருந்தது. நான் மறுபடி உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"இருக்கு" என்றீர்கள். "தட்டுல இருக்கு. வாய் வேற, தட்டு வேற மச்சான். வாயில எச்சி ஊறிக்கிட்டே இருக்கும், சோறு போவும், பேச்சு வரும். உங்க வாயில பேச்சு ஜாஸ்தி வேற."

அப்போதுதான் இந்தப் புட்டிகளைக் கொடுத்தீர்கள். ஒன்றில் என் கஷாயம். இன்னொன்றில் அதே நிறத்தில், அதே துவர்ப்பில் நீங்கள் தயார் செய்த போலி. ஒரு வாரம் சிவப்பு நூல், பிறகு கொஞ்ச நாள் சும்மா, அப்புறம் ஒரு வாரம் வெள்ளை நூல். ஒவ்வொன்றும் முடிந்ததும் என் வாயிலிருந்து பஞ்சுக்குச்சி. எது எது என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். "எங்கயும் எழுதி வைக்க மாட்டேன், நீங்க தேடிக் கண்டுபுடிச்சிடுவீங்க" என்றீர்கள். என்னை நன்றாகத் தெரிந்தவர் நீங்கள்.

"நம்பிக்கை இல்லியா மாப்ள எம்மேல?"

"உங்க மேல இருக்கு. உங்க ஆசை மேல இல்ல. ஆசை இருக்கற கண்ணக் கட்டிட்டுத்தான் பாக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொதிகலனின் சத்தத்தை வைத்தே உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று சொன்னவன் நான். நானே காய்ச்சினது என் நாக்குக்குத் தெரியாதா? சிவப்பு நூல் புட்டியை ஒருதரம் கொப்பளித்ததுமே தெரிந்துவிட்டது. அந்தத் துவர்ப்பு, அந்தக் கிராம்பு, உள்கன்னத்தில் அந்த இறுக்கம். வாரம் முடிந்து பஞ்சுக்குச்சி கொடுத்துவிட்டு வந்ததும் உங்களுக்குப் போன் போட்டேன். "செவப்பு என்னோடது மாப்ள. ஈறு இரும்பாட்டம் ஆயிடுச்சி. வெள்ளை எதுக்கு? கண்டுபுடிச்சிட்டேன்ல."

அந்தப் பக்கம் நீங்கள் சிரித்தது கேட்டது. பின்னால் குக்கர் விசில் அடித்தது. லேப் குக்கரா, வீட்டுக் குக்கரா தெரியவில்லை.

"வெள்ளையும் முடிங்க மச்சான். அப்புறம் சொல்றேன்."

உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். வெள்ளை நூல் புட்டியில் பாதிகூட முடியவில்லை. ஒரு காலையில் நீங்கள் லேப் கதவைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தீர்கள் என்று மங்கை போனில் சொன்னாள். நான் ரயிலுக்குக் காத்திருக்காமல் பஸ்ஸில் வந்தேன். கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலும் என் மனசு கேட்டுக்கொண்டிருந்தது: எது மாப்ள, சிவப்பா வெள்ளையா? இதை யாரிடம் சொல்ல முடியும்? உங்களிடம்தான் சொல்ல முடியும்.

கருமாதி முடிந்தபின் மங்கையிடம் கேட்டேன். "புட்டி ரொப்புன அன்னிக்கு அடுப்புல சர்க்கரையக் கருக்கினாருண்ணா. டீத்தூளு போட்டாரு, கிராம்பு போட்டாரு. வீடே பாகு வாசனை. நூலு கட்டும்போது மட்டும் என்னை வெளிய போவச் சொல்லிட்டாரு" என்றாள். சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதாள். நான் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். லேப்பில் இருந்த என் தட்டும் மற்றக் குப்பையோடு போய்விட்டது. வீடு திரும்பியதும், என்னிடம் மிஞ்சிய புட்டிகளை மட்டும் எடுத்து அலமாரியில் வைத்தேன். கொட்ட மனசு வரவில்லை.

இன்று பூஞ்சை வந்திருக்கிறது. சர்க்கரைத் தண்ணீரில் பூஞ்சை வரும். என் மருந்தில் வரக்கூடாது. அப்படியென்றால் சிவப்பு நூல்தான் போலி. ஒரு வாரம் முழுக்க நான் கொப்பளித்தது கருக்கின சர்க்கரைத் தண்ணீர். அதில்தான் ஈறு இரும்பாகிவிட்டது என்று உங்களுக்குப் போன் போட்டேன். அதற்குத்தான் நீங்கள் அப்படிச் சிரித்தீர்கள். வெள்ளை நூலில் இருப்பது என் மருந்து. ஒரு மழைக்காலம் தாண்டி அடுத்தது வந்தும் ஒரு நுரை இல்லை, ஒரு நூலாம்படை இல்லை. என் மருந்து வேலை செய்கிறது, மாப்ள! தரையில் உட்கார்ந்தபடி அதைச் சத்தமாகச் சொன்னேன். மருமகள் மறுபடி எட்டிப் பார்த்தாள்.

சொல்லி முடித்த உடனே உங்கள் குரல் கேட்டது. பேய்க்கதை சொல்லவில்லை. ஒருவரோடு அவ்வளவு காலம் சண்டை போட்டால் அவர் என்ன சொல்வார் என்பது அவர் இல்லாமலே காதில் விழும். "ஒரு புட்டி, ஒரு பூஞ்சை. இத வச்சி என்னா சொல்றீங்க மச்சான்? செவப்பை ஒரு வாரம் பூரா தெறந்து தெறந்து மூடினீங்க. வெள்ளைய அங்கொரு நாள் இங்கொரு நாள் தெறந்தீங்க. காத்து போனது எதுல ஜாஸ்தி? உங்க எச்சி விழுந்தது எதுல ஜாஸ்தி?"

இரண்டு புட்டிகளையும் வெளியே எடுத்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

யோசித்துப் பார்த்தால், நீங்கள் என்னை மாட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பூஞ்சையை நம்பினால் என் மருந்து ஜெயிக்கிறது, ஆனால் என் நாக்கு தோற்கிறது. என் நாக்கை நம்பினால் பூஞ்சை பூத்தது என் மருந்தில். இரண்டையும் சேர்த்து எனக்குக் கொடுக்க உங்களுக்கு மனசு வரவில்லை. உயிரோடு இருந்தபோதும் வரவில்லை, போன பிறகும் வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக இப்போதும் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

மத்தியானம் வெயில் வந்தது. மண்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். போன மாதம் கீரப்பாளையம் போனபோது எடுத்துவந்த பட்டை காய்ந்து தயாராக இருக்கிறது. ஒரு பக்கமாகத்தான் உரித்தேன். மரம் நன்றாக இருக்கிறது, அதே வாய்க்காலில் அதே மஞ்சள் பூ போகிறது. மங்கைக்குப் போன் போட்டேன். நாளைக்கு வருகிறாள். சர்க்கரையை அவள்தான் கருக்கப் போகிறாள். நூலும் அவள்தான் கட்டுவாள். உங்கள் லேப்பை எடுத்து நடத்துகிற பெண் பஞ்சுக்குச்சி எடுத்துத் தட்டில் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

"நீ கெஞ்சினாலும் எதுன்னு சொல்ல மாட்டேண்ணா" என்றாள் மங்கை. "அவுரு கனவுல வந்து திட்டுவாரு."

"நான் கேட்கலடீ" என்றேன்.

"நீயா? கேட்காம இருப்பியா?"

இருப்பேன். ஜெயித்தால் உங்கள் முறைப்படி ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி ஏதாவது சொல்வீர்கள்.

சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் பழைய புட்டிகளிலிருந்து அவிழ்த்துக் கழுவி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருக்கிறேன். கடல் பக்கமிருந்து காற்று வருகிறது, இரண்டும் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு ஆடுகின்றன. நாளைக்கு மங்கை அவற்றைப் பிரித்துக் கட்டும்போது, நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வேன், மாப்ள. கண்ணையும் மூடிக்கொள்வேன்.